டிபரன்சியலுக்குத் தமிழ்: பற்சில்லை விட்டு "சுற்றீடு" என்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய லொறிகளுக்கான பராமரிப்புக் கையேட்டில் டிபரன்சியலை, அதாவது பின்னச்சின் இரு சில்லுகளையும் வெவ்வேறு அளவில் சுற்றவிடும் பெட்டியை, தமிழில் எப்படி எழுதுவது என்று இதுவரை வந்த பரிந்துரைகளை வாசித்தேன். "வகையீட்டுப் பற்சில்லு" என்பதற்குத்தான் ஆதரவு கூட. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லின் இரண்டு பாதியும் இடிக்கிறது.

வகையீடு நுண்கணிதச் சொல். உயர்தரம் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டால் சார்பும் படித்திறனும்தான் ஞாபகம் வரும். பின்னச்சுக்குள் யாரும் வகையிடுவதில்லை.

பற்சில்லு பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பெயருக்குள் பற்சில்லோ கியரோ இருந்தால் அதற்குள் ஊற்றுவது "கியர் ஒயில்" ஆகிவிடும். கியர்பெட்டிக்கு ஊற்றுவதையும் கராஜில் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பழைய லொறிகள் பலவற்றில் இரண்டும் வேறு ஒயில். பினியன் என்ற சிறு பற்சில்லு, கிரவுன் வீல் என்ற பெரிய பற்சில்லின் மையத்துக்குக் கீழே நின்று அதைச் சுழற்றும் ஹைப்பொயிட் அமைப்பில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி அழுத்தும். அந்த அழுத்தத்தில் ஒயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். அதற்காகத்தான் கந்தகமும் பொசுபரசும் கலந்த சேர்மானம் கூடிய ஜிஎல்-5 என்ற ஒயில் தரம். அதையே பித்தளைச் சிங்ரோ வளையம் (கியர் மாற்றும்போது சுற்றுகளை ஒத்துப்போகச் செய்வது) உள்ள கியர்பெட்டிக்கு ஊற்றினால் வளையம் அரிபடலாம், கியர் மாற்றும்போது கரகரக்கும். அங்கே பெரும்பாலும் ஜிஎல்-4 கேட்பார்கள். கையேட்டை வாசித்துவிட்டுக் கடைக்குப் போகும் பொடியன் எந்தத் தகரத்தை வாங்கிவருவான் என்பது நாம் வைக்கும் பெயரில் தங்கியிருக்கிறது. எனக்கு இதுதான் முதன்மையான காரணம்.

சரி, அந்தப் பெட்டி செய்யும் வேலை என்ன? லொறி திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லுக்குத் தூரம் கூட, உள்பக்கச் சில்லுக்குக் குறைவு. உள்சில்லு எவ்வளவு சுற்றைக் குறைக்கிறதோ, அவ்வளவை வெளிச்சில்லு கூட்டிக்கொள்ளும். இரண்டின் சுற்றையும் கூட்டினால் எப்போதும் கிரவுன் வீலின் சுற்றைப்போல் இருமடங்கு. ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் ஈடுசெய்கிறது. ஆகவே சுற்று, ஈடு: சுற்றீடு. வெளிக்கூட்டோடு சேர்த்துச் சொல்ல "சுற்றீட்டுப் பெட்டி", அதற்குரியது "சுற்றீட்டு ஒயில்". ஒயிலை எண்ணெய் ஆக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை.

வந்த மற்றப் பரிந்துரைகளில் "சுற்றுப் பகிர்வி" நல்ல முயற்சிதான். ஆனால் பெற்றோல் எஞ்சினில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ரிபியூட்டருக்குப் பகிர்வி தேவைப்படும். "வேகவேறாக்கி"யில் வேறு சிக்கல்: எங்கள் இலங்கைப் பாடநூலில் வேகம் என்றால் திசையும் சேர்ந்தது, தமிழ்நாட்டில் அதற்குத் திசைவேகம். நாங்கள் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். இரு கரையிலும் வாசிக்கப்படும் கையேட்டில் இந்தக் குழப்பம் எதற்கு?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். வேலை செய்பவரின் கைக்குச் சொல் கொடுக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. அதனால் சுற்றீட்டையும் வேலையில் வைத்தே பார்ப்போம்:

"லொறியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தவும். முதலில் சுற்றீட்டுப் பெட்டியின் நிரப்புத் துளையைத் திறக்கவும். அது இறுகித் திறக்க மறுத்தால் வடிதுளையைத் தொட வேண்டாம். இல்லாவிட்டால் பழைய ஒயில் வெளியே, புதியதை ஊற்ற வழியில்லை. திறந்துவிட்டால் வடிதுளையைத் திறந்து பழைய ஒயிலை வடியவிடவும். வடிதுளைக் காந்த மூடியில் மெல்லிய சாந்துபோல் தூள் இருப்பது வழமை. துண்டு துண்டாக உலோகம் இருந்தால் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வடிதுளையை மூடிவிட்டுப் புதிய ஒயிலை ஊற்றவும். நிரப்புத் துளையின் விளிம்புவரை ஒயில் வந்ததும் நிறுத்தவும்."

பெட்டிக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுத்துளை பற்றியும் கட்டாயம் எழுத வேண்டும். மாரியில் வெள்ளத்துக்குள் இறங்கும்போது சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கும். மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். ஒயில் பால்நிறமாக வடிந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தீவுப்பகுதிக்கு ஓடும் லொறியென்றால் உப்புத்தண்ணீர், இன்னும் மோசம்.

இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தனியாக அனுப்பாமல், மேலேயுள்ள பந்தியில் "சுற்றீட்டுப் பெட்டி" வரும் இடத்தில் அதை வைத்து முழுதாக எழுதி அனுப்புங்கள். கராஜில் வேலை செய்கிறவர்களுக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.