தெரிந்தவர் ரத்தமா, ஆயிரம் பேர் பிளாஸ்மாவா?

புளியரைக்காரன்:
என் அக்கா மகனுக்கு ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய். ஆரியங்காவில் இருக்கிறார்கள். ரத்தம் உறைய வைக்கும் புரதமான ஃபேக்டர் 8 ஊசி போடச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஒன்றாகக் கொட்டித்தான் அந்த மருந்து செய்வார்களாம். எனக்கு ஒப்பவில்லை. 1980களில் இதே மருந்தால்தானே எத்தனையோ பேருக்கு எச்ஐவி வந்தது? நானே ரத்தம் கொடுக்கிறேன், பிளாஸ்மாவை உறைய வைத்து உருக்கி, ஃபேக்டர் 8 செறிந்த கிரையோ எடுத்துப் போட்டால் போதாதா?

ஆலைக்காரர்:
பயம் நியாயம்தான் தம்பி. மருந்து ஆலையில் 11 வருடம் இருந்தவன் சொல்கிறேன், அன்றைய மருந்து வேறு, இன்றையது வேறு. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் மேலே கொழுப்புப் போர்வை உண்டு. டிஎன்பிபி என்ற கரைப்பானையும் சோப்பு மாதிரி ஒரு பொருளையும் கலந்து சில மணி நேரம் வைத்தால் போர்வை கரைந்துவிடும், வைரஸ் செத்த மாதிரிதான். அமெரிக்காவில் 1985லேயே அனுமதித்த முறை. அப்புறம் ஃபேக்டரை மட்டும் குரோமடோகிராபி தூணில் பிடித்து வைத்துக்கொண்டு, ரசாயனத்தைக் கழுவி விடுவார்கள். நம்மூர் ரத்த வங்கிக் கிரையோவுக்கு இதெல்லாம் கிடையாது, பரிசோதனையோடு சரி. அன்றைக்குத்தான் தொற்றியிருந்தால் பரிசோதனையிலும் சிக்காது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 20 கிலோ பையனுக்கு மூட்டில் ரத்தம் கசிந்து வீங்கினால் 400 யூனிட் ஃபேக்டர் 8 வேண்டும். கிரையோ பை ஒன்றில், அதாவது ஒருவர் ரத்தத்தில், 80 சொச்சம். ஐந்து பேர் ரத்தம். மாதம் இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு 120 பேர். எல்லோரும் தெரிந்தவர்களா?

புளியரைக்காரன்:
கணக்கு சரி. போர்வை இல்லாத வைரஸை என்ன செய்வீர்கள் அண்ணாச்சி? 1990 வாக்கில் இத்தாலியில் இந்தச் சோப்பு முறை மருந்து போட்டவர்களுக்கே ஹெபடைடிஸ் ஏ வந்ததே?

ஆலைக்காரர்:
வந்தது. அதனால்தான் இன்னொரு படியும் சேர்த்தார்கள். உலர்த்திய மருந்தை 80 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள், இல்லையென்றால் மிக நுண்ணிய ஓட்டைகள் உள்ள நானோ வடிகட்டியில் விடுவார்கள். அந்த வடிகட்டி நம்ம புளியரை எல்லைச் செக்போஸ்ட் மாதிரிதான்: எச்ஐவி சுமார் 100 நானோமீட்டர், லாரி மாதிரி, உள்ளே விடாது.

புளியரைக்காரன்:
செக்போஸ்டில் பைக்கை யார் நிறுத்துகிறார்கள்?

தென்மலை அம்மா:
நல்லா கேட்டீங்க. அந்த பைக்தான் பார்வோ பி19 என்ற போர்வை இல்லாத வைரஸ், 20–25 நானோமீட்டர்தான். ஃபேக்டர் 8 பெரிய மூலக்கூறு, ஓட்டையை ரொம்பச் சின்னதாக்கினால் மருந்தே அடைத்துக்கொள்ளும். சூட்டுக்கும் அந்த வைரஸ் லேசில் சாகாது. என் மகன் ஒன்பது வருடமாகப் போடுகிறான், இதை டாக்டரே எங்களிடம் சொன்னார். எச்ஐவி அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

ஆலைக்காரர்:
அம்மா சொல்வது உண்மை. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, பையனுக்கு ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டாச்சா?

புளியரைக்காரன்:
பி போட்டாச்சு. ஏ இல்லை. திங்கட்கிழமை கேட்கச் சொல்கிறேன். ஊசியும் போடட்டும். ஆனால் தாய்மாமன் ரத்தம் வேண்டாம் என்றால் மனசு கேட்கவில்லை.