டீவியேஷனுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

கயல்விழி:
கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரு நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். சுயசான்று முறையில் வீட்டு அனுமதி வாங்குவோருக்கானது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த முறை அது: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி, முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால் வரைபடத்தில் உள்ளபடி கட்டுவது முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு.

அனுமதியே வாங்காமல் கட்டுவது ஒன்று, வாங்கிவிட்டு வரைபடத்தை விட்டு மாற்றிக் கட்டுவது இன்னொன்று. தமிழ் நோட்டீஸில் இரண்டுமே 'விதிமீறல்'. முதலாவதற்கு 'அனுமதியற்ற கட்டுமானம்' என்று வைத்துவிட்டேன். இரண்டாவதற்கு, அந்த டீவியேஷனுக்கு, என்ன வைக்கலாம்? வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

அருளாளன்:
விலக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'திட்ட விலக்கம்' இருக்கிறதே! பிளானுக்குத் திட்டம், டீவியேஷனுக்கு விலக்கம். தானாக வந்து விழுகிறது பாருங்கள்.

கயல்விழி:
விழுகிறது சார். ஆனால் 'உங்கள் கட்டடத்தில் விலக்கம் உள்ளது' என்று படித்தால் வரிவிலக்கு மாதிரி ஏதோ சலுகை கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

நவீன்:
பிறழ்வு?

பால்ராஜ்:
வேண்டாம் தம்பி. பேப்பரில் 'பிறழ் சாட்சி' படித்துப் படித்து அந்தச் சொல்லிலேயே கோர்ட் வாசம் அடிக்கிறது. நான் நகரமைப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நடப்பதைச் சொல்கிறேன், பிறகு சொல் தேடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பார். நான் டேப்போடு போவேன். ஒரு முனையை அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே ஓடி வந்து பிடித்துக்கொள்வார், அவ்வளவு ஆர்வம். வரைபடத்தில் பக்க செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, ஒன்றரை மீட்டர். டேப்பில் 70 சென்டிமீட்டர். மீதியில் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும், படிக்கு அடியில் மோட்டார். "மாடிக்கு வாடகைக்கு விட தனி வழி வேணும் சார், அதுக்குத்தான்" என்பார் வீட்டம்மா. அவர் கையில் அனுமதி ஆணை பத்திரமாக இருக்கும், பிளாஸ்டிக் உறையில். அவரிடம் போய் 'விதிமீறல்' என்றால், பர்மிஷனே வாங்காத எதிர்வீட்டோடு தன்னையும் சேர்த்துவிட்டதாக அழுவார். எதிர்வீட்டுக்காரரோ, "எல்லாரும்தான் மீறுறாங்க" என்று தெம்பாகிவிடுவார். ஒரே சொல்லால் வந்த வினை.

இன்னொன்று. அனுமதி கொடுத்த பிறகு டேப் திரும்ப அந்த வீட்டுக்குப் போவது அபூர்வம். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளே 12 மீட்டர் உயரம், மூன்று குடியிருப்புக்குள் அடங்கும் சின்ன வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டாம் என்றுவிட்டன. அப்புறம் இன்னும் தளர்த்தினார்கள். ஊருக்கு ஓர் ஆய்வாளர், அவருக்கு ஒரு டேப். மனு வந்தால்தான், வீட்டை விற்கப் போனால்தான், விஷயம் வெளியே வரும். அந்த நேரத்தில் கையில் போய்ச் சேரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

சொக்கலிங்கம்:
அருமையான விளக்கம் ஐயா. இதற்கு நன்னூலிலேயே விடை இருக்கிறது. வழு! வரைபடப்படி கட்டியது வழாநிலை. மாறினால் வழு. பணம் கட்டி வரன்முறை செய்துவிட்டால், அதாவது இருப்பதை முறைப்படுத்தி ஏற்க வைத்துவிட்டால், அது வழுவமைதி. மூன்று நிலைக்கும் மூன்று சொல் கையில் இருக்கும்போது ஏன் கடன் கேட்கிறோம்? பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணைவழு. உவப்பினால் சொன்னதால் அமைதி. இங்கே உவப்புக்குப் பதில் கட்டணம், அவ்வளவுதான்.

(துண்டறிக்கையில் 'கட்டடம்' என்றே எழுதுக. 'கட்டிடம்' என்பது கட்டும் இடம், அதாவது மனை. இதை இந்தக் குழுவில் எத்தனை முறை சொல்லிவிட்டேன்.)

நவீன்:
ஐயா, மென்பொருள்காரர்களுக்கு 'வழு' என்றால் பக். வீட்டில் பக் இருக்கிறதென்றால் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவார்கள்.

சொக்கலிங்கம்:
நேற்று வந்த மென்பொருளுக்காக நன்னூலார் இடம் பெயர வேண்டுமா?

அருளாளன்:
'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்றவரும் அவர்தானே. அப்படியானால் 'டீவியேஷன்' என்றே விட்டுவிடுவதும் வழுவல.

கயல்விழி:
'வரன்முறை' என்றதும் ஞாபகம் வருகிறது. சோதனைக்காகப் பழைய தாள் ஒன்றை என் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். "வரன் முறையா? யாருக்குப் பார்க்குறாங்க?" என்றார்.

சொக்கலிங்கம்:
வரல் + முறை, வரன்முறை. லகரம் மகரத்தின் முன் னகரமாகத் திரியும். மாப்பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பால்ராஜ்:
சம்பந்தம் உண்டு ஐயா. இரண்டுக்கும் வருஷக்கணக்கில் அலைய வேண்டும். 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றை வரன்முறை செய்யக் கேட்கும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்தவன் சொல்கிறேன்.

சுகந்தி:
யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கள் பக்கம் சபைக்குப் போனால் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுவார்கள். வீதிக்கோடு, கட்டடக்கோடு என்று இரண்டு, தாண்டிக் கட்டக் கூடாது. நீங்கள் இடைவெளியைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நாங்கள் கோட்டைப் பற்றி. 'கோடு தாண்டிய கட்டடம்' என்றால் ஆருக்கும் விளங்குமே?

அருளாளன்:
கோட்டைத் தாண்டினால் இராவணன் வருவான்!

சொக்கலிங்கம்:
கம்பனில் அந்தக் கோடே கிடையாது. அங்கே இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான்.

பால்ராஜ்:
அதற்கு நம் சட்டத்தின் 56-ஆம் பிரிவில், அகற்றச் சொல்லும் நோட்டீஸ் கொடுத்தானா?

கயல்விழி:
சுகந்தி அக்கா, 'கோடு தாண்டிய' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அனுமதி வாங்கிய தளத்துக்கு மேல் இன்னொரு தளம் போட்டாலும், வீட்டைக் கடையாக மாற்றினாலும் டீவியேஷன்தான். அங்கே தாண்டக் கோடு இல்லையே. மணி பதினொன்று ஆகிறது. இரண்டில் ஒன்று சொல்லுங்கள்: 'வரைபட வழு' அல்லது 'வரைபடத்துக்கு மாறான கட்டுமானம்'.

நவீன்: இரண்டாவது. நீளம், ஆனால் கேட்டதும் புரிகிறது.

அருளாளன்: இரண்டாவது, வேறு வழியில்லாமல்.

சுகந்தி: சரி, இரண்டாவது.

பால்ராஜ்:
எழுதுங்கள் அம்மா. கவுண்டரில் டீவியேஷன் என்றுதான் சொல்வார்கள். தாளிலாவது இருக்கட்டும்.

சொக்கலிங்கம்:
அது கலைச்சொல் அன்று, சொற்றொடர். இதிலிருந்து ஒரு வினையாக்க முடியுமா? பெயரடை ஆக்க முடியுமா? 'வழுவிய தளம்', 'வழுப்பரப்பு', 'வழுக்கட்டணம்' என்று என் சொல் குட்டி போடும். உங்கள் தொடர் மலடு. என் மாற்றுக்கருத்தைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வையுங்கள்.

கயல்விழி:
பதிந்துவிட்டேன் ஐயா. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று, இங்கேயும் இணைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

சொக்கலிங்கம்:
பார்த்தேன். இரண்டாம் பக்கம், நான்காம் வரி: 'கட்டிடம்'.