பூங்கா வாசலில் பைக்குக்கு 20 ரூபாயா?

ஸ்பிளெண்டர்காரன்: சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாநகராட்சிப் பூங்காவுக்கு அம்மாவைத் தினமும் காலை நடைக்குக் கூட்டிப் போகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் போன வாரத்திலிருந்து வாசலில் ஒருவர் பைக்குக்கு 20 ரூபாய் கேட்கிறார். சீட்டில் சீலும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. ஏதோ பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். முக்கால் மணி நேரத்துக்கு 20 என்றால் மாதம் 600. என் பெட்ரோல் செலவில் பாதி அது! கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

மாடிவீட்டு மாமா: முறைப்படி குத்தகை எடுத்தவர் என்றால் கையில் உத்தரவு இருக்கும். காட்டச் சொல்லுங்கள் தம்பி. இல்லையென்றால் மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் போன் போட்டு, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வடை சட்னி: எல்லாப் பூங்காவும் மாநகராட்சியுடையது இல்லை. கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. உங்களுடையது மாநகராட்சிதான் என்று உறுதியா?

ஸ்பிளெண்டர்காரன்: ஆமாம், பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. இன்று உத்தரவைக் கேட்டேன் மாமா. "சரி, அம்மாவுக்காக விடுறேன் சார்" என்றார். அப்போ நேற்று வரை வந்தது யார் அம்மாவாம்?