மரத்தூள் இருமல்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மர அறுவை ஆலையில் 11 ஆண்டுகளாகக் கூலி வேலை செய்து வருகிறேன். முதலில் பேண்ட் சா எனும் பட்டை ரம்ப இயந்திரத்தில் தடி தள்ளினேன். கடந்த 3 ஆண்டுகளாகக் காய்ந்த பலகைகளுக்கு இயந்திரத்தில் உப்புத்தாள் போடும் பகுதியில் இருக்கிறேன். பச்சைத் தடியை அறுக்கும்போது தூள் ஈரத்தோடு காலடியிலேயே விழுந்துவிடும். இங்கே வரும் தூளோ மாவு போல நைசாக இருப்பதால், சன்னல் வெளிச்சத்தில் புகையாக மிதப்பது கண்ணுக்கே தெரிகிறது. இரவில் விடாத இருமல். விடுமுறை நாளில் அது அடங்குவதும், வேலைக்குத் திரும்பிய அன்றே மீண்டும் தொடங்குவதும்தான் எனக்குக் கவலை தருகிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துள்ளதை அண்மையில்தான் அறிந்தேன். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வதை இத்தனை நாள் பாதுகாப்பென்று நம்பியிருந்தேன்!

எட்டு மணி நேரமும் வியர்வையோடு அணியத்தக்க, வடிகட்டியுள்ள முகக்கவசம் எது? தூளை இயந்திரத்தின் வாயிலேயே உறிஞ்சும் குழாயைப் பொருத்திய ஆலைகளில் வேலை செய்தவர்கள், அதனால் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியுமா? மாலையில் காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை, அது படிந்த தூளையும் கிளப்பிவிடுவதால், நிறுத்தச் சொல்லி மேற்பார்வையாளரிடம் எப்படிப் பேசினீர்கள்? மருத்துவரிடம் எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.