மலைவாழையில் முடிக்கொத்து நோய்: மறுநடவு செய்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காடு பக்கம், காபிக்கு நடுவில் விருப்பாட்சி வாழை வைத்திருக்கிறோம். போன பருவத்திலிருந்து ஓரத்து மரங்களில் முடிக்கொத்து வந்துவிட்டது. இலைகள் குட்டையாகி, விளிம்பு மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பை ஒட்டிக் கரும்பச்சைக் கோடும் புள்ளியுமாகத் தெரிகிறது. அதனால் சத்துக் குறைபாடோ என்ற சந்தேகமே இல்லை.

இந்த நோயைத் தரும் வைரஸ் அரிவாள் வெட்டில் பரவாது, மண்ணிலும் தங்காது. சாறு உறிஞ்சும் கருப்பு அசுவினிப் பூச்சியும் நோயுள்ள பக்கக்கன்றும்தான் வழி என்பது தெரியும். அசுவினி அடிமட்டையின் இடுக்கில், எறும்புகளோடு சேர்ந்து ஒளிந்திருக்கிறது. மேலே மருந்தடித்தால் அதற்கு எட்டுவதே இல்லை. நோய் கண்ட மரங்களைக் கிழங்கோடு தோண்டிக்கொண்டிருக்கிறோம், ஆனால் விட்டுப்போன துண்டிலிருந்து மறுபடி முளைக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் "தார் வெட்டிட்டு எடுக்கிறேன்" என்கிறார். நோய் வந்த மரம் எங்கே தார் போடப்போகிறது!

சிறுமலை, தாண்டிக்குடி பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். திசு வளர்ப்புக் கன்று மானாவாரிச் சரிவில் பிழைத்ததா? வைரஸ் சோதனை செய்த விருப்பாட்சிக் கன்று இப்போது எங்கே கிடைக்கிறது, என்ன விலை? காலி செய்த இடத்தில் எவ்வளவு நாள் விட்டு நட்டீர்கள்? அப்புறம், கிழங்கை முழுசாகச் சாகடிக்க என்ன செய்தீர்கள்? மழைக்கு முன்னால் முடிவெடுக்க வேண்டும்.