சாம்ப் வானில் போன வாம்பயர்கள்

1965 இந்தியா-பாகிஸ்தான் போர் என்றாலே எல்லோரும் நாட் போர் விமானத்தைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் போன வாம்பயர் ஜெட் விமானங்களை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை ஓட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

ஹைதராபாத் பக்கத்து ஹக்கிம்பேட்டை விமானப்படைத் தளத்தில் நான் ஜெட் பழகியது வாம்பயரில். அதுவரை ஓட்டிய ஹார்வர்ட் ப்ரொபெல்லர் பயிற்சி விமானத்தில், தரையில் நிற்கும்போது மூக்கு தூக்கிக்கொண்டு ரன்வேயை மறைக்கும். வாம்பயரில் ரன்வே முழுக்கக் கண்முன் கிடக்கும். உட்காரும் இடமும் தரைக்கு ரொம்பப் பக்கம். ப்ரொபெல்லர் இல்லாததால் அதிர்வே தெரியாது. இஞ்சின் ஓடுகிறதா என்று டயலைப் பார்த்துத்தான் நிச்சயப்படுத்திக்கொள்வோம்.

தொல்லை, இஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில்தான். ஹார்வர்டில் தள்ளியவுடன் இழுக்கும். வாம்பயரின் கோப்ளின் ஜெட் இஞ்சின் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். இறங்கும்போது வேகத்தை விட்டுவிட்டால், த்ராட்டிலைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தரை அதுபாட்டுக்கு மேலே ஏறி வந்துகொண்டிருக்கும். "பவரை விட்றாதே, விட்றாதே" என்று பயிற்றுநர் ஓயாமல் சொல்வார்.

இதே விமானத்தோடு பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்தை எதிர்கொள்வதை நினைத்துப் பாருங்கள். ஒரு திருப்பத்தில் வேகம் போனால் சட்டென்று மீட்க முடியாது. காக்பிட்டைச் சுற்றியிருப்பது ஒட்டுப்பலகையும் பால்சா மரமும். ஒற்றை இருக்கை வாம்பயரில், ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறியும் இஜெக்ஷன் சீட் கிடையாது. தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியான கனோபியைக் கழற்றிவிட்டு நாமே வெளியே குதிக்க வேண்டும். மர உயரத்தில் பறக்கும்போது அதற்கு ஏது நேரம்?

1965 செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்மு பகுதியிலுள்ள சாம்ப் வழியாக அக்னூரை நோக்கி வந்தன. ராணுவம் விமான உதவி கேட்டது. டெல்லி அனுமதி வந்தபோது மாலையாகிவிட்டது. பதான்கோட்டிலிருந்து விமானப்படையின் 45ஆம் ஸ்குவாட்ரன் வாம்பயர்கள் நான்கு நான்காகப் புறப்பட்டன. நான்கு விமானங்கள் திரும்பவில்லை. மூன்று பைலட்டுகள் உயிரிழந்தார்கள், ஒருவர் பாராசூட்டில் தப்பினார்.

பழைய விமானத்தை அனுப்பியது தப்பு என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த மாலையில், நம் ராணுவத்துக்கு சப்ளை போகும் செனாப் ஆற்று அக்னூர் பாலம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. போனவர்களுக்குத் தங்கள் விமானத்தின் குறை ஒவ்வொன்றும் அத்துப்படி. தெரிந்துதான் போனார்கள். இவ்வளவு காலம் கழித்தும் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் வாம்பயரைப் போர்முனையிலிருந்து விலக்கிவிட்டு நாட் விமானங்களைக் கொண்டுவந்தார்கள். ஹக்கிம்பேட்டையில் அடுத்த சில ஆண்டுகளும் பைலட்டுகள் ஜெட் பழகியது வாம்பயரில்தான்.