மிலான் லெதர் ஃபேர்: மேப் ஆப்பை மட்டும் நம்பிப் போகலாமா?

பேரணாம்பட்டு_ஃபினிஷ்டு

எல்லாருக்கும் வணக்கம். லீனியாபெல்லேங்கிற லெதர் ஃபேருக்கு முதல் முறையா ரெண்டு பேர் மிலான் போறோம். ஏஜென்ட், கார் எதுவும் ஏற்பாடு பண்ணல. ரூம் சென்ட்ராலே ஸ்டேஷன் பக்கம். ஃபேர் முடிஞ்ச மறுநாள் சாந்தா க்ரோச்சேங்கிற ஊர்ல ஒரு டேனரி (தோல் பதனிடற ஆலை) பார்க்கணும். இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. கூகுள் மேப் மட்டும் போதுமா? நெட் இல்லாம போனா என்ன பண்றது? டிக்கெட்டையும் அதுவே சரியா காட்டுமா?

---

மேல்விஷாரம்_வெட்ப்ளூ

போதும் பாய். மேப் பெரும்பாலும் தப்பு பண்றதில்ல, நாம அடிக்கிற பேர்லதான் தப்பு வரும். "ஆற்காடு ரோடு"ன்னு வெறுமனே போட்டா வேலூரா வடபழனியான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதே கதைதான் அங்கேயும்.

முதல்ல ஃபேர். மிலான் ஊருக்குள்ள போர்த்தெல்லோ பக்கம் பழைய ஃபேர் மைதானம் இருந்த இடத்துல இப்ப மாநாட்டு மண்டபம் இருக்கு. அதுக்கும் "ஃபியெரா மிலானோ"ன்னுதான் பழைய பேச்சு. உங்க ஃபேர் நடக்கிறது 2005ல திறந்த புது மைதானத்துல. அது மிலானுக்கு வெளியே "ரோ"ங்கிற பக்கத்து ஊர். ஆகவே "ஃபியெரா மிலானோ ரோ"ன்னு முழுசா போடுங்க. கீழே வர்ற முகவரியில 20017 இருக்கான்னு பாருங்க, அது ரோவோட பின்கோடு. நம்ம 632001 மாதிரி அங்கேயும் பின்கோடை வச்சுத்தான் ஊரைப் பிரிச்சுப் பார்க்கணும். மிலான் நகரத்துக்குள்ள இருந்தா 201ன்னு ஆரம்பிக்கும்.

அடுத்தது சாந்தா க்ரோச்சே, இதுல ஏமாறாம போறதுதான் கஷ்டம். வெறும் "சாந்தா க்ரோச்சே"ன்னு அடிச்சா ஃபிளாரன்ஸ் நகரத்துல இருக்கிற பெரிய சர்ச் முதல்ல வரும். டேனரி ஊரோட முழுப்பேர் "சாந்தா க்ரோச்சே சுல்லார்னோ", அதாவது ஆர்னோ ஆத்தங்கரை ஊரு. பின்கோடு 56029. அந்த சர்ச்சுல இருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே.

டேனரிக்காரர்கிட்ட முகவரி கேக்காதீங்க, வாட்ஸ்ஆப்புல லொகேஷன் பின் அனுப்பச் சொல்லுங்க. வந்ததும் திறந்து, சேவ் அழுத்தி, ஒரு லிஸ்ட்ல போட்டு வையுங்க. ஓட்டல், ஃபேரோட கிழக்கு வாசல், டேனரி மூணையும் இங்க வீட்டுலயே சேவ் பண்ணிட்டா அங்க போய் எதையும் டைப் அடிக்க வேணாம். ஏன் முகவரி வேணாம்னா, "வியா ரோமா"ன்னு தெரு இல்லாத ஊரே இத்தாலியில இல்லைன்னு சொல்லலாம்.

---

காட்பாடி_ஜங்ஷன்

மேல சொன்னது சரி. மெட்ரோ பத்தி நான் சொல்றேன்.

சென்ட்ராலேல பச்சை லைன், எம்2. அசாகோ, அப்பியாதெக்ராஸோ ரெண்டு போர்டுல எது வந்தாலும் ஏறலாம், ஏன்னா அந்த லைன் பிரியறது நீங்க இறங்கின பிறகுதான். கதோர்னாவுல இறங்கி சிவப்பு லைன், எம்1. இங்கதான் கவனம் வேணும். கதோர்னாவுக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி பகானோவுல எம்1 ரெண்டா பிரியும். ஒரு கிளை ரோ ஃபியெரா, இன்னொண்ணு பிஸ்சேல்யே. ஒரே பிளாட்பாரத்துல ரெண்டு வண்டியும் வரும். கூகுள்ல எம்1ங்கிற நம்பரை மட்டும் பார்க்காம, அதுக்குக் கீழே எந்தப் பக்கம் போற வண்டின்னு இருக்கிறதைப் பார்த்து, வண்டியோட நெத்தி போர்டோட ஒத்துப் பாருங்க. மாறி ஏறிட்டா பதற வேணாம், பகானோவுலயே இறங்கி அடுத்த வண்டி பிடிக்கலாம். "வாக்னர்"னு ஸ்டேஷன் வந்துட்டா கிளை மாறிட்டீங்கன்னு அர்த்தம். "புவோனரோத்தி" வந்தா சரியான வழி.

டிக்கெட் விஷயத்துல ஆப் சொல்றதை விட்டுடுங்க. மிலான் உள்ளூர் டிக்கெட் எம்ஐ1-எம்ஐ3 மண்டலத்துக்குத்தான் செல்லும். 2023 கட்டண உயர்வுக்குப் பிறகு அது 2.20 யூரோ. ரோ ஃபியெரா நாலாவது மண்டலம், அதுக்கு எம்ஐ1-எம்ஐ4 டிக்கெட், 2.60 யூரோ. உள்ளூர் டிக்கெட்டோட அங்க போய் இறங்கினா வெளியே போற கேட் திறக்காது, அபராதமும் போடலாம். உள்ளூர் டே பாஸும் அங்க செல்லாது. 40 சென்ட் மிச்சம் பிடிக்கிற வேலை வேணாம்.

இதைவிட சுலபம், விசா அல்லது மாஸ்டர்கார்டு காண்டாக்ட்லெஸ் கார்டை கேட்லயே தட்டிப் போறது. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. மண்டலத்தை அதுவே கணக்குப் போட்டுக்கும். ஆனா நம்ம ஊர் கார்டுல இன்டர்நேஷனல், காண்டாக்ட்லெஸ் ரெண்டு சுவிட்சும் பேங்க் ஆப்ல தனித்தனியா ஆன் பண்ணணும். கிளம்பறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. ரூபே கார்டை நம்பிப் போகாதீங்க.

ஆப் காட்டற நேரம் ஸ்டேஷன் வரைக்கும்தான். மெட்ரோ விடறது கிழக்கு வாசல்ல. உள்ள நடுப்பாதையே ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம். ஸ்டால் கடைசி ஹாலா இருந்தா இன்னும் இருபது நிமிஷ நடை சேர்த்துக்கோங்க. உள்ள மேப் ஆப் உதவாது, ஃபேர்காரங்களோட ஹால் வரைபடத்தை போன்ல இறக்கி வையுங்க. "பதில்யோனே"ன்னா ஹால், "உஷீத்தா"ன்னா வெளியே போற வழி. இன்னொரு வார்த்தை முக்கியம்: "ஷோப்பெரோ", ஸ்டிரைக். அன்னிக்கு கூகுள் வழக்கமான டைம்டேபிளையே காட்டிக்கிட்டு இருக்கலாம். மிலான் போக்குவரத்து நிறுவனம் ஏடிஎம்மோட சொந்த ஆப்பை ஒரு பார்வை பார்த்துட்டுக் கிளம்புங்க. (ஏடிஎம்னதும் பணம் எடுக்கிற மெஷின்னு நினைச்சுடாதீங்க!)

---

சத்துவாச்சாரி_சர்வீஸ்

நெட் இல்லாம போனா என்ன பண்றதுன்னு கேட்டீங்களே. போன் இடத்தைக் கண்டுபிடிக்க நெட் வேணாம், ஜிபிஎஸ் சாட்டிலைட்டுல இருந்து வருது. நெட் வேணுங்கிறது படத்துக்கும் வழிக்கும்தான். கூகுள் மேப்ல மூலையில இருக்கிற உங்க புரொஃபைல் படத்தைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸ் போய், மல்பென்ஸா ஏர்போர்ட், ரோ, மிலான் மூணும் கட்டத்துக்குள்ள வர்ற மாதிரி இழுத்து, வீட்டு வைஃபையில டவுன்லோடு பண்ணுங்க. சாந்தா க்ரோச்சே பக்கத்துக்குத் தனியா இன்னொரு கட்டம்.

ஆனா ஒரு குறை: ஆஃப்லைன்ல கூகுள் கார் வழிதான் சொல்லும். நடை, பஸ், மெட்ரோ சொல்லாது. ஒன்வே தெருவைச் சுத்திக் கொண்டு போகும், நடக்கறவனுக்கு அது வீண் அலைச்சல். அதனால ஆர்கானிக் மேப்ஸ் இலவச ஆப்பையும் போட்டு லொம்பார்டி (மிலான் இருக்கிற மாநிலம்), டஸ்கனி (சாந்தா க்ரோச்சே இருக்கிற மாநிலம்) ரெண்டையும் இறக்கிடுங்க. நெட் இல்லாமலே நடை வழி சொல்லும்.

மெட்ரோவுல இருந்து மேல வந்ததும் நீலப் புள்ளியை உடனே நம்பாதீங்க. அதைச் சுத்தி வெளிர் வட்டம் பெருசா இருந்தா போன் இன்னும் தேடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உயரமான கட்டடங்கள்ல சிக்னல் பட்டுத் திரும்பறதால புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். முப்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துட்டுத் திரும்புங்க. புள்ளியில இருந்து விரியற திசைக் கதிர் தப்பா காட்டினா போனை எட்டு போடற மாதிரி சுழத்துங்க. அப்பவும் சரியாகலன்னா போன் உறையைக் கழட்டுங்க. மேக்னட் வச்ச லெதர் ஃப்ளிப் கவர் காம்பஸைக் கெடுக்கும். நம்ம சரக்கே நமக்கு எதிரி!

நாள் முழுக்க மேப் ஓடினா சார்ஜ் நிக்காது. 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒண்ணு போதும். கைப்பையிலதான் வைக்கணும், செக்-இன் பெட்டியில விட மாட்டாங்க.

---

பேரணாம்பட்டு_ஃபினிஷ்டு

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஒரே கார்டை ரெண்டு பேருக்கும் தட்டலாமா? சாந்தா க்ரோச்சேக்கு மிலான்ல இருந்து நேர் ட்ரெய்ன் இருக்கா?

---

காட்பாடி_ஜங்ஷன்

கார்டு ஆளுக்கு ஒண்ணு. ஏறும்போது தட்டினதையேதான் இறங்கும்போதும் தட்டணும். ஏறும்போது பிளாஸ்டிக் கார்டு, இறங்கும்போது போன்ல இருக்கிற அதே கார்டுன்னு மாத்தினாலும் மெஷினுக்கு அது வேற கார்டு.

நேர் ட்ரெய்ன் கிடையாது. மிலான் சென்ட்ராலேல இருந்து ஃபிளாரன்ஸ் சாந்தா மரியா நொவெல்லா வரைக்கும் அதிவேக வண்டி, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். அங்கிருந்து பீசா பக்கம் போற லோக்கல் வண்டியில "சான் ரொமானோ மொந்தோப்பொலி சாந்தா க்ரோச்சே" ஸ்டேஷன்ல இறங்கணும். வேகமா போற வண்டி எல்லாம் அங்க நிக்காது, எக்ஸ்பிரஸ் முகுந்தராயபுரத்துல நிக்காத மாதிரி. ஆப்ல வண்டியைத் தொட்டு நிக்கிற ஸ்டேஷன் பட்டியலைத் திறந்து பார்த்துட்டு ஏறுங்க.

ஸ்டேஷன் பேர்ல ஊர் பேர் இருந்தாலும் ஊர் ஆத்துக்கு அந்தக் கரையில. நடந்து போயிடலாம்னு நினைக்காதீங்க. எந்த ட்ரெய்ன்ல வர்றீங்கன்னு டேனரிக்காரருக்கு முந்தின நாளே சொல்லி, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்க.